தக்காளியும் மிளகாயும் ஒரே கட்டை

அந்தக் காய்கறிச் சந்தை ஆட்டத்தின் பெட்டி இப்போது கடைகளில் கிடைக்கிறது. மேலே லாரி படம், பின்னால் சந்தை, வெளியூர் ஓவியர் ஒருவர் அழகாகவே வரைந்திருக்கிறார். திறந்தால் உள்ளே ஒரு துணிப்பை. அதற்குள் தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, காரட் என்று நான்கு காய்கறிகள். நான்கும் சுண்டு விரல் நுனி அளவில் ஒரே மாதிரியான சதுர மரக்கட்டைகள். ஒன்றுக்குச் சிவப்பு அடித்திருக்கிறார்கள், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குப் பழுப்பு, ஒன்றுக்கு ஆரஞ்சு. தக்காளியை உருண்டையாகவும் மிளகாயை நீளமாகவும் கடவுளே படைத்துக் கொடுத்துவிட்டார். அதைச் சதுரமாக வெட்டுவதற்கு ஒரு தனி மூளை வேண்டும்.

நான் போர்டு கேம்களுக்கு விமர்சனம் எழுதுகிறவள். தாயம், பரமபதம் இல்லை. பெரியவர்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிற மேஜை ஆட்டங்கள், சீட்டு ஆட்டங்கள். பகலில் தல்லாகுளத்தில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் ஆட்டம். என் வீட்டுக்காரர் இதை "உங்க சொப்புச் சாமான் சங்கம்" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு சேலை நன்றாக இல்லை என்றால் கடைக்காரனிடம் முகத்துக்கு நேராகச் சொல்கிறோம். இரண்டு வேளை சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு ஆடுகிற ஆட்டம் நன்றாக இல்லை என்றால் அதையும் யாராவது சொல்லத்தானே வேண்டும். நான் சொல்கிறேன். கொஞ்சம் காட்டமாகவே சொல்வேன். எனக்கு வருகிற பின்னூட்டங்களில் பாதிக்கு மேல் "மேடம் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்" என்றுதான் இருக்கும். மற்ற விமர்சகர்கள் எல்லோரும் எல்லாப் பெட்டியையும் பாராட்டிக்கொண்டே இருந்தால் மிச்சக் கோபத்தையும் நான்தான் பட்டாக வேண்டியிருக்கிறது.

நாங்கள் கூடுகிற இடம் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறை. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே அந்த வேலையைப் பார்க்கிற ஒருவர்தான் அறையைப் பிடித்தார். நாங்கள் அவரை அமைப்பாளர் என்போம். விதிகளில் அவ்வளவு கறார். திருப்பரங்குன்றத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. கொட்டாம்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் பைக்கில் வருவார்.

இந்த அறைக்கென்று சில பழக்கங்கள் உண்டு. அழுகுணி ஆட்டம் ஆடிப் பிடிபட்டவர் கீழே போய், தெருமுனை வண்டியிலிருந்து எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கி வர வேண்டும். அதற்கென்றே மூலையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருக்கும். ஆட்டம் நடக்கும்போது பலகையைக் கலைப்பது மட்டும் மன்னிக்க முடியாத குற்றம். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தாலும் கடைசிக் காய் வரை ஆடித் தோற்க வேண்டும். அந்த அறையில் அதுவரை யாரும் பலகையைக் கலைத்ததில்லை.

தூக்குவாளியை அதிகம் தூக்கியவன் ஒருவன் இருந்தான். முப்பது வயது இருக்கும். தெற்குவாசல் பக்கம் சேலைக் கடை வைத்திருக்கிற குடும்பம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். ரொம்பக் கெட்டிக்காரன். யார் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். ஆனால் அவ்வப்போது அடுத்தவர் காயைத் தன் காய் போல நகர்த்துவான், இல்லாவிட்டால் சீட்டை மாற்றி இறக்குவான். பிடிபட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பான், வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவான். அழுகுணி மாப்ள என்றே அவனுக்குப் பேர் விழுந்துவிட்டது. இத்தனை துணிச்சலாகக் கள்ள ஆட்டம் ஆடுகிறவனைப் பார்த்ததில்லை என்று நாங்கள் மெச்சிக்கொண்டும் இருந்தோம். விவரமான கூட்டம்தான் நாங்கள்.

அந்தக் காய்கறிச் சந்தை ஆட்டம் எனக்கு விமர்சனத்துக்கு வந்தது, அது முழுதாகத் தயாரிப்புக்குப் போவதற்கு முன்னால். குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது என்று கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். ஆட்டம் எளிது. பையில் கைவிட்டுப் பார்க்காமல் கட்டைகளை எடுக்க வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும், சந்தையில் அந்தந்தக் காய்க்கான வரிசையில் இறக்க வேண்டும். எந்த வரிசையில் சரக்குக் குவிகிறதோ அந்தக் காயின் விலை விழும். அதைப் பதுக்கி வைத்திருப்பவர் மண்ணைக் கவ்வுவார். கொட்டாம்பட்டிக்காரர் மட்டும், தக்காளி விலை விழுவதை வேடிக்கை பார்க்க மதுரைக்குப் பெட்ரோல் போட்டு வர வேண்டுமா, அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று அலுத்துக்கொண்டார்.

அன்றைக்கு நம் அழுகுணி மாப்ள தக்காளியை மிளகாய் வரிசையில் வைத்தான். மிளகாய் பதுக்கி வைத்திருந்தவர் அமைப்பாளர். பிடித்தார், எல்லோரும் சிரித்தோம், பருத்திப்பால் வந்தது. அடுத்த சுற்றில் மறுபடியும் வைத்தான். அமைப்பாளருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது தடவை வைத்தபோது, இது விமர்சனத்துக்கு வந்த ஆட்டம், இதில் போய் இப்படி விளையாடினால் அக்கா என்னவென்று எழுதுவார் என்று எனக்காகவே கோபப்படுவதுபோலக் கோபப்பட்டார். மறுநாள் எங்கள் வாட்ஸப் குழுவில், விமர்சன ஆட்டங்கள் நடக்கும் ஞாயிறுகளில் ஒருவர் மட்டும் வர வேண்டாம் என்று எழுதிவிட்டார். பேர் போடவில்லை. பேர் எதற்கு, வாளி இருக்கிறதே. எங்களுக்கு வருவதில் பெரும்பாலானவை விமர்சன ஆட்டங்கள்தான். ஆகவே அவன் இனி வர வேண்டாம் என்று அர்த்தம். அவன் அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடங்கிவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்புச் செய்தவன் சண்டை போடுவான், செய்யாதவனும் சண்டை போடுவான். இவன் ஏன் கட்டைவிரலைக் காட்டுகிறான்?

என் வேலை முறையில் ஒன்று உண்டு. பலகையையும் சீட்டுகளையும் கீழ்க்கடையில் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து, அதன் மேல் பேனாவால் கிறுக்கித்தான் விமர்சனத்தை யோசிப்பேன். அந்த வாரமும் எடுத்தேன். கட்டைகளையும் கண்ணாடிமேல் பரப்பி வைத்து எடுத்தேன். தாளைக் கையில் வாங்கியதும் எனக்கே எது தக்காளி, எது மிளகாய் என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே சாம்பல். தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்று திருப்பிப் பார்த்தேன். அப்படியே அந்தக் கடை வாசலில் நின்றுவிட்டேன். அவன் மஞ்சளையும் நீலத்தையும் ஒருநாளும் மாற்றி வைத்ததில்லை. எந்த ஆட்டமானாலும் முந்திக்கொண்டு மஞ்சள் காய்களைத்தான் கேட்டு வாங்குவான். பிடிபட்டதெல்லாம் சிவப்பும் பச்சையும், பச்சையும் பழுப்பும். கள்ள ஆட்டக்காரன் தனக்கு லாபமான இடத்தில் ஏமாற்றுவான். இவன் ஏமாற்றியதில் பாதி இவனுக்கே நஷ்டம். அதைக்கூடக் கவனிக்காமல் பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தை என்னவென்று சொல்வது.

மறுநாள் சேலை எடுக்கிற சாக்கில் அவன் கடைக்குப் போனேன். ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து இதற்குத் தோதாகச் சேலை காட்டு என்று ஒரு அம்மா நின்றிருந்தார். இவன் துணியை வாங்கிப் பார்க்கவே இல்லை. கடையில் வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டு அவர் பக்கம் தள்ளிவிட்டான். நான் கேட்ட அரக்குச் சுங்குடியை மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கைநீட்டி எடுத்தான். கூட்டம் குறைந்ததும், தக்காளியும் மிளகாயும் உனக்கு ஒன்றுதானா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கடைக்குப் பின்னால் இருந்த சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். அப்பாவுக்கு மட்டும் தெரியும். அவர்தான் எந்தக் கலர் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று கடை முழுக்க ஒரு ஒழுங்கு வைத்து, அதை அவனுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறார். அரக்கு, கிளிப்பச்சை, வெங்காயச் சருகு, மயில் கழுத்து என்று எல்லாப் பேரும் தெரியும், இடமும் தெரியும். நிறம் மட்டும் தெரியாது. எங்கள் ஆட்டக்காரர்களின் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் அந்தக் கடையில்தான் எடுக்கிறார்கள்.

"சேலைக் கடைக்காரன் மகனுக்குக் கலர் தெரியாதுன்னு வெளிய போச்சுன்னா யாருக்கா படி ஏறுவா? அழுகுணின்னா ஒரு வாளிப் பருத்திப்பாலோட போயிரும். நீங்க எழுதிறாதீங்க."

எனக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. கள்ளன் என்ற பேரை இவன் ஆசையாக வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறான். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வாய் என்றேன். வாரம் முழுக்க வாய் வலிக்கப் பேசுகிற பிழைப்பு, அந்த ஒரு சாயங்காலம்தான் இருந்தது, பார்க்கலாம் என்றான். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அவனைப் பற்றி ஒரு சொல் இல்லாமல் கம்பெனிக்கு எழுதினேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், வடிவத்தை மாற்றுங்கள், கட்டையை மாற்ற வழியில்லை என்றால் சாயத்தையாவது மாற்றுங்கள் என்று பணிவாகவே எழுதினேன். எனக்குப் பணிவாக எழுதுவது எவ்வளவு சிரமம் என்று என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பதில் உடனே வந்தது. என் அக்கறைக்கு நன்றியாம். அவர்கள் ஆடிப் பார்த்த குழுவில் யாருக்கும் இந்தச் சிக்கல் வரவில்லையாம். உங்கள் குழுவில் அப்படி யாராவது இருக்கிறார்களா, இருந்தால் அவரோடு பேச ஆவலாக இருக்கிறோம் என்று முடித்திருந்தார்கள். இருக்கிறார், ஆனால் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் அப்படி ஒருவர் இல்லை என்று ஆகிவிடும். அவர்கள் குழுவில்கூட ஒருவன் நாக்கைக் கடித்துச் சிரித்துக்கொண்டு எதையாவது வாங்க இறங்கிப் போயிருப்பான், யார் கண்டது.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரின் அரத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். தக்காளிக் கட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலையை மழுக்கினேன். மிளகாய்க்கு நடுவில் ஒரு கீறல் போட்டேன், காரட்டுக்கு இரண்டு. உருளைக்கிழங்கைச் சும்மா விட்டேன். விமர்சனத்துக்கு வந்த பெட்டியில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்கிறவள் நான். இப்போது மடி முழுக்க மரத்தூள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். புத்திசாலி.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் போன் பண்ணி வரவழைத்தேன். விமர்சனம் என்னுடையது, யார் ஆட வேண்டும் என்று நான்தான் சொல்வேன் என்று அமைப்பாளரிடமும் சொல்லிவிட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நாற்காலி போட்டார். ஆட்டம் தொடங்கியது. நம் ஆள் பையில் கைவிட்டு ஒரு கட்டையை எடுத்தான். விரல் மழுங்கிய மூலையில் பட்டதும் சட்டென்று என்னைப் பார்த்தான். தக்காளியைத் தக்காளி வரிசையில் வைத்தான். அடுத்த சுற்றிலும் சரியாக வைத்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

ஆத்திரத்தில் நான் ஒன்றை யோசிக்கவில்லை. பார்க்காமல் எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் பையே வைத்திருக்கிறார்கள். அதில் போய்த் தடவிப் பார்த்தாலே தெரிகிற மாதிரி அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன். இத்தனை வருடமாக விமர்சனம் எழுதுகிறவளுக்கு இது தோன்றவில்லை. அமைப்பாளரின் விரல் பட்டதும் அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரு கட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு பையை மேஜைமேல் கொட்டினார்.

"என்னக்கா இது, காய்ல அடையாளம் போட்டு வச்சிருக்கீங்க? இவன்தான் அழுகுணின்னு நெனச்சோம். நீங்களும் கூட்டா?"

என்னிடம் இருந்த ஒரே உண்மை என்னுடையது இல்லை, அவனுடையது. மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இத்தனை வருட விமர்சனங்களும் பொய்யோ என்ற சந்தேகம் இருந்தது. மேஜைமேல் கிடந்த கட்டைகளை நான் ஒவ்வொன்றாகப் பைக்குள் போடுவதை அவன் பார்த்தான்.

"அக்காவை விடுங்கண்ணே. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். அதுக்குத்தான் போட்டாக."

அமைப்பாளர் ஏதாவது சொல்வார், குழுவில் போட்டதற்கு வருத்தப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் செல்போனை மேஜையிலிருந்து எடுத்து, அதன் உறையைத் திருப்பிக் காட்டி, அப்படியானால் இது என்ன கலர் என்று கேட்டார்.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்துக் காட்டினார். ஒருவர் தண்ணீர் பாட்டில் மூடியைக் காட்டினார். கொட்டாம்பட்டிக்காரர் பைக் சாவியில் தொங்கிய கயிற்றைக் காட்டினார். சிக்னலில் எப்படி வண்டி ஓட்டுகிறாய், சாம்பாரில் கிடப்பது பச்சை மிளகாயா காய்ந்த மிளகாயா என்று எப்படித் தெரியும் என்றெல்லாம் கேள்வி. அவன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சிலது தப்பு. தப்பானபோதெல்லாம் ஒரு சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவர் என் சேலையைக் காட்டிக் கேட்டார். அரக்கு என்றான், எங்கள் கடையில் எடுத்தது, எந்தத் தட்டு என்றும் சொல்லுவேன் என்றான். சரியாகத்தான் சொல்கிறான், அப்படியானால் தெரியாது என்று நடிக்கிறானா என்று அமைப்பாளர் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார்.

அவன் எழுந்து மூலைக்குப் போய்த் தூக்குவாளியை எடுத்தான். பருத்திப்பால் வாங்கிட்டு வாரேன் என்றான். அன்றைக்கு அவன் ஒரு தப்பும் செய்திருக்கவில்லை. ஆனால் நீ எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வாளியைப் பிடுங்கினேன். இந்த அறையின் பழக்கப்படி அடையாளம் போட்டவள் நான், ஆகவே இன்றைய அழுகுணி நான்தான், நீ உட்கார்ந்து ஆடு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். வண்டிக்காரரிடம்கூட எரிந்து விழுந்தேன். பாவம், அவர் சுக்கு கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார்.

நான் திரும்பி வந்தபோது ஆட்டம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கேள்விகளை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் ரொம்ப மரியாதையாக இருந்தார்கள். அவனுடைய முறை வந்தது. பை அவன் பக்கம் போகவில்லை. அமைப்பாளர் தானே பையில் கைவிட்டு ஒரு கட்டையை எடுத்து, இது மிளகாய், உனக்காக நானே வைத்துவிடுகிறேன், நீ கஷ்டப்படாதே என்று பிரியமாகச் சொல்லி மிளகாய் வரிசையில் வைத்தார். அவனுடைய லாரியையும் அவரே நகர்த்தினார். அவன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் வாளியோடு பக்கத்தில் வந்து நின்றதும் தலையைத் தூக்காமலே சொன்னான்:

"அழுகுணின்னு சொன்னப்பகூட பையை என் கைலதானக்கா குடுத்தாய்ங்க."

நான் வாளியைத் தரையில் வைத்தேன். பலகையை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தேன். தக்காளி, மிளகாய், லாரி எல்லாம் மேஜையிலும் தரையிலும் சிதறின. அமைப்பாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கையில் அகப்பட்ட கட்டைகளை வாரிப் பைக்குள் போட்டேன். மிச்சத்தைக் கொட்டாம்பட்டிக்காரர் குனிந்து பொறுக்கித் தந்தார். பையை அவன் கையில் வைத்து அவன் விரல்களை அதன்மேல் மூடினேன்.

"முதல்ல இருந்து ஆடுவோம். நீ ஆரம்பி" என்றேன்.